கோ-வாப்-ப-ரேட்-டிவ்: ஏரிக்கரையில் ஒரு நீளச் சொல்

பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் அன்றாடம் புழங்குற ஆங்கிலச் சொற்களிலேயே நீளமானது எதுன்னு கேட்டா, யோசிக்காம சொல்லிடுவேன்: கோஆபரேட்டிவ். பலகையில் "மீனவர் கூட்டுறவு சங்கம்"னு அழகா தமிழில் எழுதியிருக்கும். ஆனா அந்தப் பலகைக்குக் கீழே நின்னு பேசுற வாயில் "கூட்டுறவு" வராது. கோவாப்பரேட்டிவ், கோவாப்ரேட்டி, கோப்ரேட்டின்னு ஆளுக்கு ஒரு மாதிரி வரும். "கோப்பரெட்டி"ன்னும் கேட்டிருக்கேன். யாரோ ஒரு ரெட்டியார் நடத்துற கடை மாதிரி இருக்கும்.

நான் பொன்னேரி பக்கம் நெல் போடுறவன். ஏரிக்கும் எனக்கும் உள்ள தொடர்பு மீன் வாங்குறதும், கொஞ்சம் பழக்கமானவங்களோட உட்கார்ந்து பேசுறதும்தான். ஆனா இந்தச் சொல் எங்க ரெண்டு பக்கத்துக்கும் பொது. எனக்கு உரமும் பயிர்க்கடனும் இதன் வழியாத்தான் வருது. அவங்களுக்கு வலைக்கடனும் நிவாரணமும் இதன் வழியாத்தான் வருது. அதனால இந்தச் சொல்லை எப்படி வெட்டி, எப்படி வாயில் போடுறோம், இது எங்கேயிருந்து இந்தக் கரைக்கு வந்துச்சு, வந்து என்ன செஞ்சுதுன்னு இந்தத் தடவை எழுதலாம்னு தோணிச்சு.

வெள்ளைக்காரனுக்கே தகராறு

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்தச் சொல்லை வெட்டுறதில் சிரமம் நமக்கு மட்டும் இல்லை. ஆங்கிலக்காரங்களே இதோட இன்னமும் மல்லுக்கட்டுறாங்க. லத்தீனில் "கோ" என்றால் சேர்ந்து. "ஓபஸ்" என்றால் வேலை. ரெண்டும் சேர்ந்து, கூடி வேலை செய்வது. இதில் முதல் துண்டு உயிரில் முடியுது, அடுத்த துண்டு உயிரில் ஆரம்பிக்குது. ரெண்டு உயிரும் பக்கத்துப் பக்கத்தில் வந்தா, படிக்கிறவன் ரெண்டையும் ஒட்டி "கூ"ன்னு படிச்சிடுவான். "கூப்" என்றால் அவங்க ஊரில் கோழிக்கூண்டு!

அதைத் தடுக்க சிலர் நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டாங்க. சிலர் ரெண்டாவது எழுத்தின் தலையில் ரெண்டு புள்ளி வெச்சாங்க. சிலர் எதுவும் வேணாம், படிக்கிறவனுக்குத் தெரியும்னு விட்டுட்டாங்க. மூணு வழக்கமும் இன்னைக்கும் இருக்கு. நம்ம கைத்தறிக் கடைப் பலகையைப் பாருங்க. 1935-ல் ஆரம்பிச்ச அந்த நெசவாளர் சங்கம் இன்னமும் "கோ-ஆப்டெக்ஸ்"னு நடுவில் கோடு போட்டுத்தான் எழுதுது. அந்தக் கோட்டுக்கு இவ்வளவு பழைய கதை.

அகராதியில் இந்தச் சொல்லை ஐந்து துண்டாப் பிரிப்பாங்க: கோ, ஆப், அர், அ, டிவ். ஆனா பேசும்போது நடுவில் இருக்கிற ரெண்டும் ஒட்டிக்கும். "கோ-ஆப்-ர-டிவ்"னு நாலாத்தான் பெரும்பாலும் வரும். அழுத்தம் "ஆப்" மேல விழும், மத்ததெல்லாம் மெலிஞ்சு போகும். ஆக, எழுத்தில் அஞ்சு, பேச்சில் நாலு. அவங்களும் முழுங்குறாங்க.

நம்ம வாய் செய்யுற வேலை

இப்போ நம்ம வாய்க்கு வருவோம். "கோ"வுக்கு அடுத்து "ஆ" வந்தா தமிழ் என்ன செய்யும்? கோ + இல் என்ன ஆச்சு? கோவில். ரெண்டு உயிர் இடிச்சுக்கக் கூடாதுன்னு நடுவில் ஒரு "வ்" வந்து உட்கார்ந்துச்சு. நன்னூல் இதை உடம்படுமெய்னு சொல்லுது. இ, ஈ, ஐ வந்தா "ய்", மத்த உயிர்களுக்கு "வ்", ஏகாரத்துக்கு ரெண்டும். படிக்காத கிழவி "கோவாப்ரேட்டி"ன்னு சொல்லும்போது நன்னூல் விதிப்படிதான் சொல்றா. ஆங்கிலக்காரன் கோடு போட்டும் புள்ளி வெச்சும் தீர்க்கப் பார்த்த சிக்கலை ஒரு "வ்" போட்டு முடிச்சுட்டா.

அடுத்தது "ப". தமிழில் ரெண்டு உயிருக்கு நடுவில் ஒத்தை "ப" வந்தா அது மெலிஞ்சுபோகும். "அபாயம்"னு சொல்லிப் பாருங்க, "கோபம்"னு சொல்லிப் பாருங்க. ஆங்கிலத்தில் இருக்கிற வல்லோசை அப்படியே வேணும்னா இரட்டிக்கணும். அதனால்தான் எழுத்தில் "ஆபரேட்டிவ்"னு இருந்தாலும் வாயில் "ஆப்பரேட்டிவ்". "டிவ்"வுக்கு முன்னாடி "ட்" வர்றதும் அதே காரணம்தான். ஆஸ்பத்திரியில் செய்யுற "ஆப்பரேசன்" இதோட சொந்தத் தம்பி. அதே "ஓபஸ்" வேர்தான், அதே இரட்டிப்புதான்.

கடைசியில் நிக்கிற "வ்". தமிழில் வகர ஒற்றில் முடியுற சொற்கள் ரொம்பக் குறைவு. அதனால வாய்க்கு ரெண்டு வழி. ஒரு உகரம் சேர்த்து "கோவாப்பரேட்டிவு"ன்னு இறக்கி வைக்கலாம். இல்லேன்னா அந்த ஒற்றையே விட்டுட்டு "கோவாப்பரேட்டி"ன்னு நிறுத்தலாம். ஏரிக்கரையில் நான் அதிகமாக் கேக்குறது ரெண்டாவது வழி.

பள்ளிக்கூடத்தில் யாப்பு படிச்சது ஞாபகம் இருந்தா ஒரு வேடிக்கை பார்க்கலாம். இந்தச் சொல்லை அசை பிரிங்க. கோ – நேர். வாப் – நேர். பரேட் – நிரை. டிவ் – நேர். ஆக நேர்நேர்நிரைநேர். வாய்பாடு தேமாநறும்பூ! நாலசைச் சீர். செய்யுளிலேயே அபூர்வமா வர்ற சீர் வகை. சந்தைக்குக் கூடை தூக்கிட்டு ஓடுற அம்மா வாயில் அது தினமும் நிக்குமா? நிக்காது. அதனால்தான் சுருங்குது. இதைக் கேட்டு "சரியா உச்சரிக்கத் தெரியலை"ன்னு சிரிக்கிற ஆளுங்க நகரத்தில் உண்டு. அவங்களுக்காகத்தான் அடுத்த பகுதி.

நம்ம ஊர்ப் பேரை அவங்க என்ன செஞ்சாங்க

பழவேற்காடு. ப-ழ-வேற்-கா-டு. அஞ்சு துண்டு. போர்ச்சுக்கீசியர் வந்தாங்க, அவங்க வாயில் "பலியகட்டே" மாதிரி ஏதோ ஒண்ணு ஆச்சு. டச்சுக்காரங்க வந்தாங்க. 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினாங்க. சோழமண்டலக் கரையில் அவங்க வியாபாரத்துக்கு ரொம்ப காலம் இதுதான் தலைமையிடம். அவங்களும் ஏறக்குறைய அதே மாதிரிதான் எழுதினாங்க. 1825-ல் ஊர் முழுசா ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. அவங்க வாயில் "புலிகேட்". மூணு துண்டு. ழகரம் லகரமாச்சு, வேலும் போச்சு, காடும் போச்சு. நடுவில் இல்லாத புலி ஒண்ணு வந்து உட்கார்ந்துச்சு.

அதோட விடலை. இங்கேயிருந்து கப்பல் ஏறின வண்ணக் கைக்குட்டைத் துணிக்கு ஊர்ப் பேரையே வெச்சு, "புல்லிகேட்"னு ஒரு சொல் ஆங்கில அகராதியிலேயே ஏறிடுச்சு. கட்டுமரம் "கேட்டமரான்" ஆனது உங்களுக்கே தெரியும். திருவல்லிக்கேணி ஆறு துண்டு. அது "ட்ரிப்ளிகேன்"னு மூணாச்சு.

பதிலுக்கு நாமளும் எடுத்துக்கிட்டோம். டச்சுக்காரன் காசு "டொய்ட்" நமக்குத் துட்டு. அவன் கழிப்பறைக்குச் சொன்ன "காக்ஹொய்ஸ்" நமக்குக் கக்கூஸ். இன்னைக்குப் பழவேற்காட்டில் டச்சுக்காரனோட கல்லறைகள் இருக்கு, செதுக்கின கல்வெட்டுகளோட. கோட்டை இருந்த இடம் புதர். துட்டும் கக்கூஸும் மட்டும் தமிழ்நாடு முழுக்க உயிரோட இருக்கு. ஒரு சொல் இன்னொரு ஊருக்குப் போய்ப் பிழைக்கணும்னா அந்த ஊர் வாய்க்கு ஏத்தபடி தேயணும். துறைமுகத்து ஜனங்களுக்கு இது புதுசு இல்லை.

சொல் வந்த வழி

கோஆபரேட்டிவ் கப்பலில் வரலை, காகிதத்தில் வந்துச்சு. அதைக் கொண்டு வந்ததில் முக்கியமானவர் பிரடெரிக் நிக்கல்சன். சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரி. விவசாயி வட்டிக்காரன் கிட்ட சிக்கிக் கிடக்குறதுக்கு என்ன வழின்னு பார்க்க அரசாங்கம் அவரைக் கேட்டுச்சு. அவர் ஐரோப்பாவில் இருந்த கிராமக் கடன் சங்கங்களைப் பத்திப் படிச்சு, 1895-லும் 1897-லும் ரெண்டு பாகமா அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்ற ஊர்த்தலைவர் ஆரம்பிச்ச சங்கம் மாதிரி இங்கேயும் வேணும் என்பதுதான் அதன் சாரம். ஊரில் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க சேர்ந்து, ஒருத்தருக்கொருத்தர் ஜாமீனா நின்னு கடன் வாங்குற முறை அது.

1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்துச்சு. அதே வருஷம் தமிழ்நாட்டின் முதல் விவசாயக் கடன் சங்கம் ஆரம்பமான ஊர் எது தெரியுமா? திரூர். இன்னைக்குப் பழவேற்காடு எந்த மாவட்டமோ அதே திருவள்ளூர் மாவட்டம். நெல் போடுறவங்களுக்கு திரூர் வேற விதத்திலும் பழக்கம். அங்கேதான் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. டி.கே.எம். 9, டி.கே.எம். 13 எல்லாம் அங்கே பிறந்த ரகங்கள். டி.கே.எம். என்பதே திரூர்க்குப்பம் என்ற பேரின் சுருக்கம். பாருங்க, எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒரு நீளப் பேரை வெட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. சென்னையில் திருவல்லிக்கேணிப் பண்டகசாலையும் அதே 1904-ல்தான். அதை எல்லாரும் "டி.யு.சி.எஸ்."னு நாலு எழுத்தாக்கிட்டாங்க.

மீனவர் கதையில் நிக்கல்சன் மறுபடியும் வர்றார். மாகாணத்தின் மீன்வளப் பிரிவு 1907-ல் உருவானப்போ அதற்குப் பொறுப்பா இருந்தவர் அவரேதான். உழவன் கடனைப் பார்த்த அதே கண்ணு மீனவன் கடனையும் பார்த்துச்சு. 1904 சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டும்தான். 1912-ல் வந்த அடுத்த சட்டம் விற்பனை, உற்பத்தி மாதிரி மத்த வேலைகளுக்கும் சங்கம் வைக்கலாம்னு கதவைத் திறந்துவிட்டுச்சு.

அந்தக் காலத்தில் தமிழில் இதற்கு "ஐக்கிய நாணய சங்கம்"னு பேர் வெச்சாங்க. நாணயம்னா காசும் ஆச்சு, நேர்மையும் ஆச்சு. பிறகு "கூட்டுறவு" வந்து நிலைச்சுது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கு. அந்தப் பக்கம் பலகையில் "சஹகார சங்கம்". இத்தனை பேர் வெச்சும் பேச்சில் நிலைச்சது எதுன்னு கேட்டா, இதில் எதுவுமே இல்லை. அதைச் சொல்றதுக்கு முன்னாடி ஏரியில் ஏற்கெனவே இருந்த ஒரு சின்னச் சொல்லைச் சொல்லணும்.

பாடு

ரெண்டே எழுத்து. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் மாதிரி ஊர்களில் பாடு என்றால் ஏரிக்குள்ளே வலை கட்டுற இடம், அந்த இடத்தில் வலை கட்டுற முறை, ரெண்டும்தான். ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி கிடைக்காது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், நீரோட்டம் இருக்கிற இடத்தில் நிறைய. உள்ளே போகப் போகக் குறைச்சல். நல்ல இடத்தை ஒருத்தனே பிடிச்சுக்கிட்டா அடிதடிதான். அதனால உரிமை உள்ளவங்க கூடி, சீட்டுப் போட்டு, முறை வெச்சு இடத்தை மாத்திக்குவாங்க. இன்னைக்கு நல்ல இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. கொச்சிக் காயலிலும் பாடுன்னு இதே பேரில் முறை இருக்கு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இந்த மாதிரி சீட்டுப் போட்டு இடம் பிரிக்கிற வழக்கம் உண்டு.

பாடு என்றால் உழைப்புன்னும் அர்த்தம். பாடுபடுறோம், பாட்டாளி. இப்போ லத்தீன் வேரை நினைச்சுப் பாருங்க. "ஓபஸ்" வேலை, "கோ" சேர்ந்து. அப்படியே தமிழில் போட்டா "கூட்டுப் பாடு". நிக்கல்சன் ஜெர்மனியில் தேடின சங்கதி ஏரிக்குள்ளே கழி நட்டு நின்னுட்டு இருந்திருக்கு. தேமாநறும்பூ வாய்பாட்டில் வந்த சொல்லுக்கு இங்கே ஏற்கெனவே இருந்த சொல் வெறும் "காசு" வாய்பாடு.

இதோட நிறுத்தினா "நம்ம முன்னோர் அப்பவே"ன்னு பெருமை பேசிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனா கதை அப்படி முடியலை.

உள்ளே யார், வெளியே யார்

பாடு எல்லாருக்கும் கிடையாது. அது பட்டினவர் சமூகத்து ஆண்களுக்குப் பிறப்பால் வர்ற உரிமை. அப்பனுக்கு இருந்தா மகனுக்கு. அதே ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்கள் உண்டு. பட்டியல் சாதியைச் சேர்ந்த மீன்பிடிக் குடும்பங்கள் உண்டு. அவங்களும் பாடுபட்டவங்கதான், ஆனா பாட்டுக்காரங்க இல்லை. நல்ல இடத்துக்குச் சீட்டுப் போடுற அன்னைக்கு அவங்க பேர் குலுக்கலில் இருக்காது.

இறாலுக்கு வெளிநாட்டு விலை வந்தப்புறம் இந்த வரப்பு பெரிசாத் தெரிய ஆரம்பிச்சுது. வெளியே நின்னவங்க "எங்களுக்கும் இடம் வேணும்"னு கேட்டாங்க. கேக்குறதுக்கு என்ன ஆதாரம்? பரம்பரை இல்லை, ஊர்ப் பஞ்சாயத்தில் பேச்சும் இல்லை. அவங்க கையில் இருந்தது ஒண்ணே ஒண்ணு: பதிவு செஞ்ச சங்கம். ஒரு எண், ஒரு முத்திரை, ஒரு உறுப்பினர் புத்தகம். அதன் மேல அந்த நீளச் சொல். பரம்பரையில் பேர் இல்லாதவனுக்குப் பதிவேட்டில் பேர் கிடைச்சுது. அரசாங்கத்துக்குப் பாடு புரியாது, கோஆபரேட்டிவ் புரியும். அதைப் பிடிச்சுக்கிட்டு அதிகாரி முன்னாடி உட்கார்ந்து பேச முடிஞ்சுது. தகராறும் நடந்துச்சு, பேச்சுவார்த்தையும் நடந்துச்சு. இன்னமும் முழுசாத் தீர்ந்துடலை.

பாட்டுக்காரங்க பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஏரி ஒண்ணுதான், முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடுது, இறால் குறையுது. எல்லாரும் எல்லா இடத்திலும் வலை போட்டா யாருக்கும் ஒண்ணும் மிஞ்சாது. முறை என்பதே எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கத்தான் என்பாங்க. அதுவும் பொய் இல்லை.

இந்த ரெண்டு சொல்லுக்கும் நடுவில்தான் ஏரியின் நூறு வருஷக் கதை கிடக்குன்னு எனக்குத் தோணுது. பாட்டுக்கு இருக்கிற ஒழுங்கு சங்கத்துக்கு இல்லை. சங்கத்துக்கு இருக்கிற திறந்த வாசல் பாட்டுக்கு இல்லை. ரெண்டிலுமே "சேர்ந்து" என்ற துண்டு இருக்கு. யாரோட சேர்ந்து என்பதில்தான் வேறுபாடு.

கடைசியில் நிலைச்சது

இப்போ சொல்றேன், ஜனங்க வாயில் நிலைச்சது எது. "சொசைட்டி." அவ்வளவுதான். "சொசைட்டிக்குப் போனியா", "சொசைட்டியில் பேர் இருக்கா", "சொசைட்டி கார்டு எடுத்தாந்தியா". எங்க நெல்லுக்காரப் பக்கமும் அதே "சொசைட்டி"தான். ஆங்கிலத்தில் அது நாலு துண்டு. நம்ம வாய் நடுவில் இருந்த ரெண்டு உயிரையும் ஒரு ஐகாரத்தில் அடக்கி மூணாக்கிடுச்சு. வாய்பாடு புளிமா. சுமக்கிறதுக்கு சுலபம்.

ஒரு தடவை கரையில் பெரியவர் ஒருத்தர் கிட்ட, "ஏன் தாத்தா, கோஆபரேட்டிவ்னு முழுசா சொல்ல மாட்டீங்களா"ன்னு கேட்டேன். வலையில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அது ஆபீசுல சொல்ற பேரு நைனா. நமக்கு சொசைட்டி போதும். ரெண்டும் ஒரே புக்குதான?"

நான் தேடிப் பார்த்தேன். சொசைட்டியும் லத்தீன்தான். "சோசியுஸ்" என்றால் தோழன், கூட்டாளி. அப்போ "கோ" என்ற துண்டை வெட்டிப் போட்டாலும் கூட்டு போகலை. தெரிஞ்சு வெட்டினாங்களா தெரியாம வெட்டினாங்களா, வெட்டின இடம் சரியான மூட்டுதான்.

நகரத்தில் இந்தச் சொல் வேற விதமாத் தேஞ்சிருக்கு. "கொஞ்சம் கோஆபரேட் பண்ணுங்க சார்." வங்கியில், டோல்கேட்டில், ஆஸ்பத்திரியில் கேட்டிருப்பீங்க. நாலு துண்டும் சுத்தமா விழும், உச்சரிப்பில் குறையே இருக்காது. ஆனா அர்த்தம் என்ன? பேசாம வரிசையில் நில்லுங்க, அவ்வளவுதான். கூடி வேலை செய்யுறதுக்கு வந்த சொல் அங்கே அடங்கி நிக்கிறதுக்கு ஆகிப்போச்சு. ஏரிக்கரையில் ஓசை தேஞ்சிருக்கு, பொருள் இருக்கு. நகரத்தில் ஓசை இருக்கு, பொருள் தேஞ்சிருக்கு.

கடல் மீனவர்களுக்கு சேமிப்பு நிவாரணம்னு ஒரு திட்டம் இருக்கு. வரும்படி இல்லாத மாசங்களுக்கு அவங்க கட்டின பணத்தோட அரசாங்கப் பணமும் சேர்ந்து வரும். அதில் சேர, சங்க உறுப்பினரா இருக்கணும். இன்னைக்கு 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவு சங்கங்கள் சட்டத்தின் கீழேதான் இந்தச் சங்கங்கள் நடக்குது. யார் வாயில் எத்தனை துண்டா வந்தாலும், அந்தப் புத்தகத்தில் பேர் இருக்கிற வீட்டுக்குப் பணம் வரும், இல்லாத வீட்டுக்கு வராது.

அதனால பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கவோ மீன் வாங்கவோ வரும்போது, யாராவது "கோப்ரேட்டி"ன்னு சொன்னா திருத்தாதீங்க. உங்க பேர் புத்தகத்தில் ஏறிடுச்சான்னு கேளுங்க. அதுக்குப் பதில் சொல்ல அவங்களுக்கு நிறைய இருக்கும்.